ஆளத் தயாரா? எதிர்க்கட்சியிடம் கொங்கு நாடு கேட்க வேண்டியது

2011 மே மாதம் கோவை மாவட்டத்தின் 10 சட்டமன்றத் தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்குப் போயின. மாநிலம் முழுக்கப் பேசப்பட்ட காரணங்கள் இங்கேயும் இருந்தன. ஆனால் சோமனூரிலோ பல்லடத்திலோ ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் போய்க் கேட்டிருந்தால், முதலில் வந்திருக்கும் பதில் கரண்ட். தறி நின்றால் கூலி இல்லை. கோவையின் பம்ப்செட் பட்டறைகளில் லேத் நின்றது, திருப்பூரில் டீசல் செலவு லாபத்தைத் தின்றது. ஆட்சி மாறினால் மின்வெட்டு தீரும் என்று எதிர்க்கட்சி சொன்னது, மக்களும் நம்பினார்கள். அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே பல ஊர்களில் மின்வெட்டு நாளொன்றுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டியது.

புது அரசு சோம்பி இருந்துவிட்டது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. மின்சாரம் எங்கிருந்து வரும் என்று வரிசையாகப் பார்த்தால் விஷயம் புரியும். மேட்டூரில் 600 மெகாவாட் புது அலகு, வல்லூர், வடசென்னை விரிவாக்கம் என்று கட்டிக்கொண்டிருந்த நிலையங்கள் எல்லாம் முந்தைய ஆட்சிக் காலத்தில் தொடங்கியவை, எல்லாமே தாமதம். மேட்டூர் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2013 அக்டோபரில். கூடங்குளம் முதல் அலகு மின்கட்டமைப்போடு இணைந்ததும் அதே மாதம்தான். உடுமலை, பல்லடம் பக்கம் நிற்கும் காற்றாலைகள் ஆடிக் காற்றில் கைகொடுக்கும், ஐப்பசிக்குப் பிறகு அடங்கிவிடும். சரி, வடக்கே இருந்து விலைக்கு வாங்கலாமே என்றால், தென்னிந்திய மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒத்திசைந்து ஓடத் தொடங்கியதே 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதுவரை கையில் பணம் இருந்தாலும் மின்சாரத்தைக் கொண்டுவரப் போதிய பாதை கிடையாது. கையில் பணமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட கட்டண உயர்வால் மின்வாரியம் கடனில் மூழ்கியிருந்தது. 2012 ஏப்ரலில் கட்டணத்தை ஒரே அடியாக உயர்த்தவேண்டி வந்தது. அதற்கு முன்பே, 2011 நவம்பரில், பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறியிருந்தன.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. எந்த நிலையம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மின்பாதை எப்போது முடியும், வாரியத்தின் நட்டம் எவ்வளவு என்பதெல்லாம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகளிலும் மத்திய அரசின் அறிக்கைகளிலும் அச்சாகிக் கிடந்தன. 2010இல் எதிர்க்கட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து படித்திருந்தால், 2013 முடிய நிலைமை சீராகாது என்று சொல்லியிருக்க முடியும். படித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தார்களா, படிக்கவே இல்லையா என்பது இப்போது முக்கியமில்லை. வாக்களித்தவர்களுக்கு அந்த இரண்டும் ஒன்றுதான்.

ஒரு எதிர்க்கட்சி ஆளத் தயாரா என்று கேட்கும்போது நாம் வழக்கமாகப் பார்ப்பது தலைவரின் முகம், கூட்டத்தின் அளவு, கூட்டணிக் கணக்கு. இவையெல்லாம் ஜெயிப்பாரா என்ற கேள்விக்கான விடைகள். தயாரா என்பது வேறு கேள்வி. என் வரையில் அதற்கு உரைகல் ஒன்றே ஒன்று. பொறுப்புக்கு வந்தால் தன் வாக்காளர்களிலேயே யாரிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்தக் கட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததைத் தேர்தலுக்கு முன்பே சொல்லவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்த முன்னுதாரணம் உண்டு, அதில் கோவைக்கும் பங்கு உண்டு. 1967 தேர்தலில் அரிசிப் பஞ்சம் பெரிய பிரச்சினை. திமுக வைத்த முழக்கம் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". எது ஆசை, எது உறுதி என்று முழக்கத்திலேயே பிரித்துச் சொல்லியிருந்தார்கள். மார்ச் 6ஆம் தேதி அண்ணா பதவியேற்றார். அந்தச் சிறிய அமைச்சரவையில் உடுமலை பக்கத்துக் கணியூர்க்காரரான கே. ஏ. மதியழகனும் இருந்தார். அதே ஆண்டு ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது சென்னை, கோவை என்ற இரண்டே நகரங்களை. மாநிலம் முழுக்கக் கொண்டுபோகக் கஜானா இடம் கொடுக்கவில்லை, பின்னர் கைவிடவும் நேர்ந்தது. ஆனாலும் மூன்று படி எங்கே என்று கேட்டவர்களுக்கு, அதைத் தாங்கள் உறுதியாகச் சொல்லவில்லை என்ற பதிலாவது அந்த அரசிடம் இருந்தது. பிற்காலத் தேர்தல் அறிக்கைகளில் லட்சியமும் நிச்சயமும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில் வருகின்றன.

அந்த நிதானம் திடீரென வந்ததல்ல. 1957இல் 15 உறுப்பினர்கள், 1959இல் சென்னை மாநகராட்சி, 1962இல் 50 உறுப்பினர்கள் என்று பத்தாண்டு வேலை கற்றுக்கொண்டு வந்த கட்சி அது. குப்பை அள்ளுவதில், குடிநீர்க் குழாயில், ஒப்பந்தப் புள்ளியில் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று மாநகராட்சியில் பார்த்திருந்தார்கள். எம்ஜிஆர் கட்சிக்கு அவகாசம் குறைவு. 1972 அக்டோபரில் தொடக்கம், அடுத்த ஆண்டு திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல், 1974இல் கோவை மேற்கு சட்டமன்ற இடைத்தேர்தல். கோவை மேற்கில் ஜெயித்த அரங்கநாயகம்தான் 1977இல் கல்வி அமைச்சரானார். 1974இல் புதுச்சேரியில் அதிமுக அமைத்த முதல் அரசு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அந்தச் சறுக்கலும் ஒரு பாடம்தான். டெல்லியில் ஆம் ஆத்மி கட்சி 2013 டிசம்பரில் பதவியேற்று 49 நாளில் விலகியதையும், 2015இல் திரும்பி வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் போதுமான அளவு கோபப்படுவதில்லை. அந்தப் பயிற்சிப் பள்ளியை நாமே பூட்டி வைத்திருந்தோம். 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாநகராட்சிகளில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை, எல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர்கள். ஊராட்சிகளிலும் இதே கதை. கொங்கு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். வார்டு கவுன்சிலராக ஒரு சாக்கடைக்கு மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, வேலை முடித்து, பில் பாஸ் ஆவதைப் பார்த்த ஆள்தான் நாளைக்கு அமைச்சரானால் கோப்பைப் படிப்பார். அப்படி ஒரு தலைமுறையே இரண்டு பக்கமும் காணாமல் போயிருக்கிறது. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் காரணம் கிடைக்கிறது. அந்த நட்டம் எதிர்க்கட்சிக்குத்தான் கூடுதல், ஏனென்றால் அவர்களுக்கு நிர்வாகத்தைத் தொட்டுப் பார்க்க வேறு இடம் கிடையாது.

அப்புறம் சட்டமன்றம். பட்ஜெட் முடிந்ததும் துறை துறையாக மானியக் கோரிக்கைகள், அதாவது அந்தத் துறைக்கான செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பவை, வரும். ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார்கள். நீர்வளத்துறை குறிப்பை எடுத்துப் புரட்டினால் எந்த அணைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எந்த வாய்க்கால் வேலை எத்தனை விழுக்காடு முடிந்திருக்கிறது என்பது வரை இருக்கும். தணிக்கைத் துறையின் அறிக்கைகள், அவற்றை ஆராயும் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு என்று இன்னும் பல வாசல்கள். மக்களவையில் 1967 முதல் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக வைப்பது மரபு. பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போய், தேர்தலுக்கு முன்பு எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சர்கள் (ஒவ்வொரு துறையையும் கவனிக்க அந்தக் கட்சி நியமிப்பவர்கள்) துறைச் செயலர்களோடு பேசிக்கொள்ள 1964 முதல் வழி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அது கிடையாது. இங்கே புது அரசு வந்த முதல் வாரத்தில் நடப்பது அதிகாரிகள் இடமாற்றப் பட்டியல். துறையைத் தெரியாத அமைச்சரும் துறைக்குப் புதிதான செயலரும் ஒரே நாளில் பொறுப்பேற்பார்கள்.

இந்த வாசல்களை எந்தக் கட்சி பயன்படுத்துகிறது என்று பார்ப்பது சுலபம். வெளிநடப்பு செய்தியாகிறது, ஒரு துறையின் ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் செய்தியாவதில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளில் நம் தொகுதி உறுப்பினர் மானியக் கோரிக்கையில் என்ன பேசினார் என்பது அவைக் குறிப்பில் இருக்கிறது. பாமக ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. அதன் கணக்குகளோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று எழுதிப் பார்க்கும் பழக்கமே மற்ற கட்சிகளில் அரிது என்பதால் அதை மதிக்கிறேன்.

அமைச்சர்கள் யார் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசியல் சட்டத் திருத்தப்படி, 234 பேர் கொண்ட நம் பேரவையில் முதல்வரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் அமைச்சராக முடியாது. ஆக, ஆட்சிக்கு வர நினைக்கும் கட்சி 35 நல்ல பெயர்களைத் தேடினால் போதும். நிதி, மின்சாரம், நீர்வளம், தொழில், கைத்தறி என்று கொங்குக்கு உயிரான துறைகளுக்கு மட்டுமாவது யார் பொறுப்பு, அவர் அந்தத் துறையைப் பற்றி இதுவரை என்ன பேசியிருக்கிறார் என்று கேட்பதில் தப்பே இல்லை. பலமுறை அமைச்சராக இருந்தவர்கள் உள்ள கட்சிக்கு இதில் முன்தொடக்கம் உண்டு. அதே ஆட்கள் அதே துறையில் விட்டுவந்த அரைகுறை வேலைகளும் அவர்கள் கணக்கில்தான் வரும். புதுக் கட்சிக்கு அந்தச் சுமை இல்லை, ஆனால் கோப்பைப் படித்துக் காட்டும் ஆள் வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய், வருவாய்ச் செலவு சுமார் 3.73 லட்சம் கோடி. இடைவெளி 41,635 கோடி. 2026 மார்ச் முடிவில் கடன் நிலுவை சுமார் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று அதே பட்ஜெட் சொன்னது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியங்கள் போக மிச்சத்தில்தான் புதுத் திட்டம் எதுவும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு மாநிலம் தானே விகிதத்தை முடிவு செய்யக்கூடிய பெரிய வரிகள் கொஞ்சம்தான்: பெட்ரோல் டீசல், மது, பத்திரப்பதிவு, வாகனம், மின்சாரம். மாதம் இவ்வளவு தருவோம், இந்தக் கடனைத் தள்ளுபடி செய்வோம் என்று எதிர்க்கட்சி சொல்லும்போது, இந்த ஐந்தில் எதைக் கூட்டுவீர்கள் அல்லது எந்தச் செலவை வெட்டுவீர்கள் என்ற கேள்வி உடனே வர வேண்டும்.

மாநிலத்தின் கையில் இல்லாததையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆடிப்போயின. அந்த வரியைக் குறைப்பது சென்னைக் கோட்டையின் வேலை அல்ல. அதேபோல 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நொய்யலில் கழிவு ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்பதில் எந்த அரசுக்கும் வளைந்து கொடுக்க இடம் இருக்கவில்லை. புது அரசால் செய்ய முடிந்தது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து அவற்றைச் சரிசெய்ய வைத்ததுதான்.

மாநிலத்தின் கையில் இருக்கும் மின்கட்டணத்திலேயே வாக்குறுதி எப்படித் தடுமாறும் என்பதற்கு 2021 ஒரு உதாரணம். மாதம் ஒருமுறை மின் கணக்கெடுப்பு என்று திமுக சொன்னது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும்போது அதிக யூனிட் அடுக்குக்குள் போய்விடுகிறோம் என்ற குறை நியாயமானது. வந்தபிறகு, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின்பே முடியும் என்ற பதில் வந்தது. கணக்கெடுக்கும் ஊழியர் எத்தனை பேர், மாதாமாதம் வீடு வீடாகப் போக எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கை எதிர்க்கட்சியாக இருந்த நாளிலேயே போட்டிருக்கலாம். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. கோவையின் சிறு, குறு தொழில்முனைவோர் நிலைக்கட்டணத்தை எதிர்த்து அடுத்த ஆண்டு கதவடைப்பே நடத்தினார்கள். பட்டறை ஓடாத மாதமும் கட்ட வேண்டிய தொகை அது, ஆர்டர் இல்லாத காலத்தில் கழுத்தை நெரிக்கும். இப்போது எதிர்க்கட்சியில் யார் இருந்தாலும் அதைக் குறைப்போம் என்று எளிதாகச் சொல்வார்கள். வாரியத்தின் அந்த வருவாய்க் குறைவை அரசு ஈடுகட்டுமா, வீட்டு இணைப்புக்காரர் தலையில் விழுமா என்பதையும் சொல்லட்டும்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் பெயர் போட்டியாகவே சுருங்கிப்போனது எனக்கு வருத்தம். 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்ட் 17 அன்று ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள், ஆறு நீரேற்று நிலையங்கள், 1.5 டிஎம்சி தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து? காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரியிலிருந்து. அதாவது பாசனத்துக்குப் போக மிஞ்சினால்தான். மழை பொய்த்த ஆண்டில் குழாய் இருக்கும், குளத்தில் தண்ணீர் இருக்காது. மிஞ்சும் ஆண்டில் மேட்டில் ஏற்ற மின்செலவு உண்டு, நிலத்துக்கடியில் ஓடும் குழாய் உடைந்தால் செப்பனிட ஆள் வேண்டும். அடிக்கல் யாருடையது என்று இன்னும் எத்தனை நாள் பேசுவது? பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அதை எந்தத் தலைப்பில் ஒதுக்குவீர்கள், விடுபட்ட குட்டைகளைச் சேர்த்தால் உள்ள தண்ணீரைப் பங்கிடுவது எப்படி என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய எதிர்க்கட்சி, அந்த ஒரு துறையிலாவது தயார்.

எல்லாவற்றையும்விடக் கடினமான தேர்வு கீழ்பவானியில் இருக்கிறது. பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் மண் கால்வாய் அது, 1950களில் வந்தது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அதன் பாசன நிலம். ஒரு பருவத்துக்கு ஒற்றைப்படை மதகுகள், அடுத்ததற்கு இரட்டைப்படை என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். கரை பழசாகிக் கசிகிறது, உடைப்பும் எடுக்கிறது, கால்வாயின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில்லை. 2020இல் அதிமுக அரசு சுமார் 710 கோடி ரூபாயில் சீரமைப்புக்கு அரசாணை போட்டது. அடுத்து வந்த திமுக அரசு அதே திட்டத்தைக் கையில் எடுத்தது. கான்கிரீட் போடுவதா கூடாதா என்பதில் விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

இரண்டு பக்கமும் உண்மை பேசுகிறது என்பதுதான் சிக்கல். கால்வாய்க்குக் கீழ்ப்புறம் தோட்டம் வைத்திருப்பவர் கசிவை நம்பித்தான் பண்ணையம் பார்க்கிறார். வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில நாட்களில் அவர் கிணறு ஊறும், தென்னை தழைக்கும், ஊர்க் குடிநீர்க் கிணற்றுக்கும் அதுதான் ஊற்று. கான்கிரீட் வந்தால் அது போய்விடும் என்று பயப்படுகிறார். கடைமடைக்காரருக்கோ காகிதத்தில் ஆயக்கட்டு உரிமை இருக்கிறது, மதகில் தண்ணீர் இல்லை. மேலே கசிந்து போவது என் பங்கு என்கிறார். உண்ணாவிரதம், மறியல், நீதிமன்றம் வரை போயிற்று. எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் இரண்டு பந்தலுக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம், இரண்டு பக்கமும் சால்வை வாங்கலாம். ஆட்சிக்கு வந்த மறுநாள் ஒரு கோப்பில் ஒரு கையெழுத்துத்தான் போட முடியும்.

அதனால் ஈரோடு மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சி வேட்பாளரிடமும், அவர் இப்போது எதிர்வரிசையில் இருந்தாலும் சரி, புதிதாக வந்தாலும் சரி, இதை நேராகக் கேட்கலாம். எத்தனையாவது மைலிலிருந்து எத்தனையாவது மைல் வரை கான்கிரீட் போடுவீங்க? போடாத இடத்தில் கரையை எப்படிப் பலப்படுத்துவீங்க? கடைமடைக்கு எத்தனை கன அடி வந்து சேரும்னு யார் அளப்பாங்க? கசிவு நின்னு கிணறு வத்தினா அந்த ஊருக்குக் குடிதண்ணி எங்கிருந்துங்க? கால்வாய் ஓரத் தோப்புக்காரர்களும் கடைமடைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் ஒரே கூட்டத்தில் வைத்து இதைக் கேட்க வேண்டும், அங்கேயே பதிலும் வாங்க வேண்டும்.